கடன் அடைக்குமுன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைக்கும் நம் சகோதரர் பலரின் சம்பளம், வந்த அன்றே கடனுக்குப் போய்விடுகிறது. சிறு கடன்களை முதலில் அடைத்தால் மனம் தெம்பாகும் என்பார் சிலர். உள்ளதை விற்று ஒரேயடியாகத் தீர்க்கச் சொல்வார் சிலர். இரண்டுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

ஹிஜ்ரி 36-இல் ஜுபைர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் தந்தையின் கடனைக் கூட்டிப் பார்த்தார்கள். 22 லட்சம்! நிலத்தை விற்று அடைத்தார்கள். வாரிசுகள் பங்கு கேட்டபோதும், கடன் கொடுத்தவர் எவரேனும் மிச்சமுண்டா என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பிறகே பிரித்தார்கள். ஸஹீஹ் புகாரியில் இவ்வரலாறு உள்ளது.

நாமோ மளிகைக்கடை பாக்கியை மனைவியிடம் சொல்வோம். மீட்டர் வட்டியை மறைப்போம். இன்றிரவே இருவரும் அமர்ந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வட்டிக் கடனை முதலில் ஒழிப்பதே சரி என்போம். அது ஹராம், குட்டியும் போடும். பெட்டியில் நகையிருக்க வட்டி கட்டுவானேன்? (நகை மனைவியுடையது, அவர் மனமுவந்தால் மட்டுமே.) கைமாற்றுத் தந்த உறவினரிடம் உங்களால் முடிகிற தவணையைச் சொல்லிக் கேளுங்கள், சிரமப்படுபவருக்கு அவகாசம் தரும்படி திருமறை (2:280) கூறுகிறது. அப்படியும் திணறினால் அந்த நோட்டோடு ஜமாஅத்தாரிடம் செல்லலாம். ஜக்காத் பெறுவோரில் கடன்பட்டவரும் உண்டு (9:60).