தொலைவும் காலமும்: ஹெல்சிங்கி முதல் டோக்கியோ வரை

தொலைவை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்பது நாம் பள்ளியில் கற்ற கணக்கு. அக்கணக்கு எங்குப் பொருந்துகிறது, எங்குத் தவறுகிறது என்பதை அறிய, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியையும் ஜப்பானின் தலைநகர் டோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம்.

நூல் காட்டும் வழி

வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இவ்விரு நகர்களையும் நேர்கோட்டால் இணைத்தால், கோடு கசகஸ்தான், மங்கோலியா வழியே செல்லும். உலக உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலோ, அது வடக்கே வளைந்து சைபீரியாவின் மீது செல்லும். வளைந்து தோன்றும் இவ்வழியே குறுகிய வழி. இதனைப் பெருவட்ட வழி என்பர்.

புவியின் நடுவிலிருந்து நோக்கினால் இரு நகர்களுக்கும் இடையே ஏறத்தாழ 70 பாகைக் கோணம் அமையும். பெருவட்டத்தில் ஒரு பாகை 111 கிலோமீட்டர். ஆகவே தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் ஆகும். இவ்வகைக் கோளக் கணிதம் இன்று தோன்றியதன்று. பேரறிஞர் அல்பிரூனி, கி.பி. 1025இல் நிறைவுசெய்த தம் நூலில், நகர்களின் இருப்பிடங்களைத் துணியவும் கஸ்னியிலிருந்து கிப்லாவின் திசையைக் காணவும் இக்கணிதத்தையே கையாண்டார்.

கணக்கும் கடிகாரமும்

சைபீரிய வழியில் இப்பயணத்திற்கு ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் ஆயிற்று. சராசரி வேகம் மணிக்கு 820 கிலோமீட்டர். உயரே விமானம் 900 கிலோமீட்டர் வேகத்தை எட்டினும், ஏறுதலும் இறங்குதலும் சராசரியைக் குறைக்கின்றன. மேற்கிலிருந்து வீசும் மேல்வானக் காற்று கிழக்குநோக்கிய பயணத்திற்குத் துணையாகவும், திரும்பும் பயணத்திற்குத் தடையாகவும் அமைகிறது.

குளிர்காலத்தில் டோக்கியோவின் கடிகாரம் 7 மணி நேரம் முந்தியது. மாலை 5 மணிக்குப் புறப்பட்டவர் ஒன்பதரை மணி நேரம் பறந்து, மறுநாள் காலை 9.30 மணிக்கு இறங்குவார். கடிகாரம் காட்டும் வேறுபாட்டையே பயண நேரமாகக் கொள்வோர் பிழைபடுவர்.

மூடிய வானம்

பனிப்போர்க் காலத்தில் மேலை நாட்டு விமானங்கள் சோவியத் வான்வெளியைத் தம் விருப்பம்போல் பயன்படுத்த இயலவில்லை. எனவே 1983இல் பின்லாந்தின் பின்னேர் நிறுவனம் வடதுருவத்தைச் சுற்றி, இடைநிற்றலின்றி, ஏறத்தாழ 13 மணி நேரத்தில் டோக்கியோவை அடைந்தது. பின்னர் சைபீரிய வழி திறந்தது, நேரம் சுருங்கியது. ஆசியாவுக்குக் குறுகிய வழி என்பதே ஹெல்சிங்கி விமான நிலையத்தின் பெருமையாயிற்று.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் விரிந்தபோது, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. மீண்டும் துருவ வழி. மீண்டும் 13 மணி நேரம். துருவத்தைக் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. ஆயினும் கூடுதலாக எரிந்த எரிபொருளுக்கு ஈடு ஏது?

முடிவுரை

நாற்பது ஆண்டுகளில் இந்நகர்களுக்கு இடையிலான தொலைவு மாறவில்லை. விமானப் பொறியியலோ பெரிதும் வளர்ந்துள்ளது. இருப்பினும் பயண நேரம் தொடங்கிய இடத்திற்கே திரும்பியது. தொலைவை இயற்கை வகுக்கிறது. வேகத்தை அறிவியல் வளர்க்கிறது. வழியைத் திறப்பதும் அடைப்பதும் மனிதரின் இணக்கமும் பிணக்குமே. கணக்கில் எழுதப்படாத இவ்வுறுப்பையும் சேர்த்தெண்ணக் கற்பதே நிறைவான கல்வியாகும்.