எல்லை தாண்டினால் எந்த உதவி கூட வரும்?

பிள்ளைக்கு இங்கே ஓர் இடம், வெளிமாநிலத்தில் ஓர் இடம் என்று இரண்டும் கிடைத்துவிட்டால், சைதாப்பேட்டை வீடுகளில் முதலில் பார்ப்பது ஃபீஸைத்தான். அதில் எவ்வளவு கழியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், முடிவே மாறலாம்.

முதலில் உள்ளூர்க் கணக்கு. தாத்தா பாட்டி தொடங்கி அண்ணன் அக்கா வரை வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லையா? இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அரசுக் கலந்தாய்வு வழியாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு ரூ.25,000 வரை கழியும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இது கிடையாது, வெளிமாநிலத்துக்கும் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. கூடவே, பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000.

வெளிமாநிலக் கணக்கில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: அது மாநில அரசுக் கல்லூரியா, மத்திய அரசு நிறுவனமா? மாநிலக் கல்லூரி என்றால் அந்த மாநிலத்துச் சலுகைகள் அவர்கள் பிள்ளைகளுக்கே. நம் சாதிச் சான்றிதழ் அங்கே ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய நிறுவனம் என்றால் ஊர் ஒரு பொருட்டே இல்லை. அடையாற்றைத் தாண்டினால் வரும் சென்னை ஐ.ஐ.டி.க்கும் காரக்பூர் ஐ.ஐ.டி.க்கும் ஒரே விதிதான். பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது முழுக்கத் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. ஆக, 4 லட்சம் வருமானமுள்ள வீட்டுப் பிள்ளை கட்டுவது சுமார் ரூ.67,000. விடுதியும் மெஸ்ஸும் தனி.

தமிழ்நாட்டு உதவியிலும் எல்லை தாண்டுவது உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றில் படிக்கும் பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் வரை நம் அரசு தருகிறது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும், எங்கே படித்தாலும், சொந்த மாநிலத்திலிருந்துதான் வரும்.

இனி ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஃபீஸ், விடுதி, மெஸ், ரயில் செலவு எல்லாவற்றையும் நான்கு ஆண்டுக்கும் கூட்டி, உறுதியாகக் கிடைக்கும் உதவியை மட்டும் கழியுங்கள். மிச்சத்துக்குக் கடன் என்றால், பி.எம். வித்யாலட்சுமி பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் குறையும்.

வருமானச் சான்றிதழையும் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழையும் ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள். உதவித்தொகை பெரும்பாலும் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். முதல் செமஸ்டர் பணத்தை அதை நம்பி விடாதீர்கள்.