வாடகை வீட்டில் எரிவாயு அடுப்பு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் கால்வைத்தவன் நான். சென்ற ஆண்டு எங்கள் வாடகை வீட்டிற்கு எரிவாயு இணைப்பு வந்தது. சமையல் மேடைக்கடியில், கதவு போட்ட அலமாரிக்குள் சிலிண்டரை வைக்கச் சொன்னார் வீட்டுக்காரர். "மேலே சன்னல் இருக்கிறதே, போதாதா?" என்றார்.

போதாது. புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையில் தேங்கும். அந்தத் தரையில்தான் அம்மாவும் தங்கையும் உறங்குகிறார்கள். ஆகவே தரையையொட்டியும் காற்றுவழி வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும். ரப்பர்க் குழாயை 5 ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டும். மணமற்ற வாயுவில் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டனின் நாற்றம் வீசினால், சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணை அழைக்கவேண்டும்.

விளக்கியதும் அவரே அலமாரிக் கதவைக் கழற்றினார். நண்பர்களே, வேதியியல் தேர்வுக்கு மட்டுமன்று!