எடை குறைந்த லினக்ஸும் அதன் அமைப்புக் கருவிகளும்

(9-ஆம் வகுப்பு மாணவி எழுதியது)



லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஒரு இயங்குதளம், அதை 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார் என்பது பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கு. அதனால் அதை விட்டுவிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. போட்ட பிறகுதான் தொல்லை. எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். படம் திரைக்குப் பொருந்தாமல் இழுத்த மாதிரி இருக்கும். மவுஸ் அம்பு ஓடுகிற ஓட்டத்துக்கு நம்ம கை ஓடாது. உடனே "இது நமக்கு ஒத்துவராதுப்பா, காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அலமாரி ஓரமாக நிற்கும் நம்ம 1 ஜி.பி. ராம் கம்ப்யூட்டரும் அந்தக் கடைக்குப் போக இருந்ததுதான். இப்போது அதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டச்சு பழகுகிறார்கள். அதற்குப் புதுசாக எந்தப் பாகமும் வாங்கவில்லை. அமைப்புகளை மட்டும் மாற்றினோம். எங்கே, எப்படி மாற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்றுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை எல்லாம் குப்பை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்ம கம்ப்யூட்டரில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ். (2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. ஆனால் ரொம்பப் பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களில் அதை நிறுவ முடியாது. அப்படிப்பட்டவை வைத்திருப்பவர்கள் 12-ஐத்தான் போடணும்.) அதன் மேல் ஓடுவது எல்.எக்ஸ்.டி.இ. என்ற மேசைத்தளம். மேசைத்தளம் என்றால் நாம் கண்ணால் பார்ப்பது. அதாவது பின்னணிப் படம், கீழே உள்ள பட்டை, மெனு, ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்தது. எல்.எக்ஸ்.டி.இ.-யை 2006-இல் தைவான் நாட்டைச் சேர்ந்த ஹோங் ஜென் யீ என்பவர் தொடங்கினார். முதலில் அவர் செய்தது கோப்புகளைத் திறந்து பார்க்கும் பி.சி.மேன்.எஃப்.எம். என்ற மென்பொருள். மற்றதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

இந்த "ஒவ்வொன்றாக" என்பதுதான் முக்கியம். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட ஒருத்தர், தண்ணீர் வைக்க ஒருத்தர், சாம்பார் வாளியோடு ஒருத்தர் என்று பிரித்துக்கொள்கிறார்கள் இல்லையா? அதே மாதிரி இங்கேயும். ஜன்னல்களுக்குச் சட்டம் போட்டு நகர்த்துவது ஓப்பன்பாக்ஸ். கீழ்ப்பட்டை எல்.எக்ஸ். பேனல். பின்னணிப் படத்தை வரைவது அந்த பி.சி.மேன்.எஃப்.எம். எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு, அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்வது எல்.எக்ஸ். செஷன்.

விண்டோஸில் பழகியவர்கள் இங்கே வந்ததும் முதலில் கேட்பது, "கண்ட்ரோல் பேனல் எங்கே?" என்றுதான். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற அப்படி ஒன்று இதில் இல்லை. மெனுவில் ப்ரிஃபரன்சஸ் என்ற பிரிவைத் திறந்தால் சின்னச் சின்னக் கருவிகள் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வேலைதான் செய்யும். வேலை முடிந்து மூடிவிட்டால் ராமில் இடம் பிடிக்காது. 1 ஜி.பி. ராமுக்கு அதுதான் நல்லது.

சரி, இந்தக் கருவிகள் உண்மையில் என்ன செய்கின்றன? தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்திருப்பீங்க. நாம் வாயால் சொல்வோம். அவர் அதை முறைப்படி தாளில் எழுதுவார். உள்ளே போவது அந்தத் தாள்தான். இந்தக் கருவிகளும் அப்படியே. நாம் டிக் போடுகிறோம், பட்டையை நகர்த்துகிறோம். கருவி அதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பை நாமும் திறந்து படிக்கலாம். ரகசியம் ஒன்றும் இல்லை.

எல்.எக்ஸ். இன்புட் என்ற கருவியில் இதை நன்றாகப் பார்க்கலாம். மெனுவில் 'கீபோர்டு அண்ட் மவுஸ்' என்று இருக்கும். மவுஸ் அம்பின் வேகத்தைக் குறைக்க, கூட்ட பட்டைகள் உண்டு. கீபோர்டு பக்கத்தில், ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் எவ்வளவு நேரம் கழித்து அந்த எழுத்து திரும்பத் திரும்ப வரணும் என்று சொல்லலாம். புதுசாகத் தட்டச்சு பழகுபவர்கள் விசையில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே மாட்டாங்க, 'கககககக' என்று ஒரு வரி ஓடிவிடும். அந்தக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தால் இது பாதியாவது குறையும்.

அதிலேயே 'லெஃப்ட் ஹேண்டட்' என்று ஒரு டிக் பெட்டி உண்டு. ஆறாம் வகுப்பில் ஒரு தம்பி இடது கைக்காரன். மவுஸை இடது கையில் பிடித்தால் ஆள்காட்டி விரல் வலது பட்டன் மேல் வந்துவிடுகிறது. அவன் எதை அழுத்தினாலும் வலது பட்டன் மெனு வந்து நின்றது. பக்கத்தில் இருந்தவங்க "ஒழுங்கா வலது கையிலே பிடிடா" என்று அதட்டினார்கள். அந்தப் பெட்டியில் டிக் போட்டதும் இரண்டு பட்டன்களும் இடம் மாறிவிட்டன. அந்த நொடியே மாறும், கம்ப்யூட்டரை அணைத்துப் போடத் தேவையில்லை. (டிக்கை எடுக்கும்போது மட்டும் நினைவு வைங்க. பட்டன் மாறி இருப்பதால் வலது பக்கத்துப் பட்டனால்தான் அழுத்தணும்.)

இது எங்கே எழுதப்படுகிறது? நம் வீட்டு அடைவில் புள்ளியோடு ஆரம்பிக்கும் 'கான்ஃபிக்' என்ற மறைந்த அடைவு இருக்கும். பி.சி.மேன்.எஃப்.எம்.-இல் கன்ட்ரோலையும் ஹெச்-ஐயும் சேர்த்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் எல்.எக்ஸ். செஷன், அதற்குள் எல்.எக்ஸ்.டி.இ., அதற்குள் 'டெஸ்க்டாப் டாட் கான்ஃப்' என்ற கோப்பு. அதைத் திறந்தால் மவுஸ் என்ற தலைப்பின் கீழ் 'லெஃப்ட்ஹேண்டட் = 1' என்று ஒரு வரி நிற்கும். டிக் இல்லாவிட்டால் 0. அந்தத் தம்பிக்காக மாறியது அந்த ஒரே ஒரு எண்தான்.

அடுத்தது எல்.எக்ஸ். அப்பியரன்ஸ். மெனுவில் 'கஸ்டமைஸ் லுக் அண்ட் ஃபீல்' என்ற பெயரில் இருக்கும். நிறம், பட்டன்களின் உருவம், ஐகான்கள், மவுஸ் அம்பின் அளவு, எழுத்துரு எல்லாம் இதில்தான். பலர் இதை அலங்காரத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். நிறம் மாற்றி விளையாடுவதில் எனக்கும் ஆசைதான், ஆனால் நிஜமான பயன் எழுத்துருவில் இருக்கு. ஆங்கில எழுத்து 9 புள்ளி அளவில்கூட ஓரளவு படிக்க வரும். தமிழில் 'ணூ', 'ஞெ', 'றி' எல்லாம் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டி எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். லோகித் தமிழ் எழுத்துருவை வைத்து அளவை 12 ஆக்கினால் மெனுவில் கொம்பும் சுழியும் தனியாகத் தெரியும். எழுத்துரு பக்கத்தில் 'ஆன்ட்டி ஏலியாசிங்' என்று ஒன்று உண்டு. எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியாமல் வழவழப்பாக்குவது அது. அதையும் போட்டுவிடுங்க. கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு மவுஸ் அம்பைப் பெரிசாக்கலாம்.

எல்.எக்ஸ்.டி.இ. இல்லாமல் ஓப்பன்பாக்ஸை மட்டும் தனியாக ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதே கருவி வேறு ஒரு கோப்பில் எழுதும். அதன் தலையிலேயே, 'இந்தக் கோப்பில் கை வைக்காதே, நான் திரும்ப எழுதும்போது அழிந்துவிடும், உன் மாற்றத்தைப் பக்கத்துக் கோப்பில் எழுது' என்ற பொருளில் ஒரு எச்சரிக்கையும் எழுதி வைக்கும். மனு எழுதுபவர், "இது என் தாளம்மா, நீ வேற தாள் எடு" என்று சொல்வது போல! எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

இனி ஓப்கான்ஃப். இது ஓப்பன்பாக்ஸுக்கான கருவி. ஓப்பன்பாக்ஸை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் டானா ஜான்சன்ஸ், மிகேல் மாக்னுசன் என்ற இருவர். அதன் 3.6.1 பதிப்பு 2015-இல் வந்தது, அதற்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை. ஆனாலும் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

ஓப்கான்ஃபில் பல பக்கங்கள். ஜன்னலின் தலைப்புப் பட்டையில் என்னென்ன, எந்த வரிசையில் வரணும் என்பதை வெறும் எழுத்துகளால் சொல்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே வழக்கமாக 'என் எல் ஐ எம் சி' என்று ஐந்து எழுத்து இருக்கும். என் என்றால் ஐகான். எல் என்றால் பெயர். ஐ என்றால் சுருக்கும் பட்டன், எம் என்றால் பெரிதாக்கும் பட்டன், சி என்றால் மூடும் பட்டன். இதை 'சி எல் ஐ எம்' என்று மாற்றினால் மூடும் பட்டன் இடது பக்கத்துக்குப் போய்விடும். பெரிதாக்கப் போய் மூடிவிடுவது சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் இப்படித் தள்ளி வைத்தால் அந்த ஆபத்து இல்லை.

மவுஸ் பக்கத்தில், அம்பு எந்த ஜன்னல் மேல் போகிறதோ அதுவே வேலைக்குத் தயாராகும்படி செய்யலாம். பெரியவர்களுக்கு இது வேகம். பழகுபவர்களுக்கு வேண்டாம், கை லேசாக அசைந்தாலும் தட்டச்சு வேறு ஜன்னலில் போய் விழும். டெஸ்க்டாப்ஸ் பக்கத்தில் எத்தனை மேசைத்தளம் வேணும் என்று எண் கொடுக்கலாம். பழகுபவர்களுக்கு அதையும் 1 என்று வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் தெரியாமல் அடுத்த மேசைத்தளத்துக்குப் போய்விட்டு "அக்கா, என் கட்டுரையைக் காணோம்" என்று நிற்பார்கள்.

திரைக்கு எல்.எக்ஸ். ரேண்டர். மானிட்டருக்குப் பொருந்தும் அளவைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுத்தால் இழுத்த மாதிரி தெரிவது சரியாகிவிடும். சேவ் கொடுக்க மறந்தால் அடுத்த நாள் பழையபடி வந்து நிற்கும். அவ்வளவுதான் அதில். பின்னணிப் படத்தை மாற்ற மட்டும் இந்தக் கருவிகளில் தேடாதீங்க. வெற்று இடத்தில் வலது பட்டனை அழுத்தினால் வரும், ஏன்னா அது பி.சி.மேன்.எஃப்.எம்.-இன் வேலை.

லுபுண்டு என்ற லினக்ஸ் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு ஒரு சேதி. அதில் 18.04 பதிப்பு வரைக்கும்தான் எல்.எக்ஸ்.டி.இ. இருந்தது. 2018 அக்டோபரில் வந்த 18.10-லிருந்து எல்.எக்ஸ்.கியூ.டி.-க்கு மாறிவிட்டார்கள். அதில் எல்லா அமைப்பையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் ஜன்னல் உண்டு. 'கண்ட்ரோல் பேனல் எங்கே' என்று கேட்பவர்களுக்கு அது வசதி.

கடைசியாக, இந்தக் கருவிகளால் முடியாத ஒன்று. எந்த விசைகளைச் சேர்த்து அழுத்தினால் என்ன நடக்கணும் என்பதை ஓப்கான்ஃபில் மாற்ற முடியாது, அதற்குப் பக்கமே இல்லை. நாமே கோப்பைத் திறந்து எழுதணும். இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓப்பன்பாக்ஸ் பற்றிய பாடங்களில் 'ஆர்சி டாட் எக்ஸ்எம்எல்' கோப்பைத் திருத்து என்று இருக்கும். ஆனால் எல்.எக்ஸ்.டி.இ.-யில் படிக்கப்படுவது அதே அடைவில் உள்ள 'எல்எக்ஸ்டிஇ-ஆர்சி டாட் எக்ஸ்எம்எல்'. முதல் கோப்பில் என்ன எழுதினாலும் ஒன்றும் நடக்காது.

சரியான கோப்பைத் திறந்தால் 'கீபைண்ட்' என்று ஆரம்பிக்கும் பகுதிகள் வரிசையாக இருக்கும். அதில் ஏ என்றால் ஆல்ட் விசை, சி என்றால் கன்ட்ரோல், எஸ் என்றால் ஷிஃப்ட், டபிள்யூ என்றால் விண்டோஸ் படம் போட்ட விசை. 'ஏ-எஃப்4' என்ற இடத்தில் 'க்ளோஸ்' என்று இருக்கும், அதாவது ஆல்ட்டும் எஃப்4-ம் ஜன்னலை மூடும். புதுசாகச் சேர்க்க, உள்ள ஒரு பகுதியை முழுசாக நகல் எடுத்துக் கீழே ஒட்டி, விசையையும் கட்டளையையும் மாற்றினால் போதும். கணக்கில் அடைப்புக்குறியைத் திறந்தால் மூடுகிற மாதிரி, இதிலும் திறந்த ஒவ்வொரு குறிக்கும் மூடும் குறி இருக்கணும். சேமித்த பிறகு லாக் அவுட் செய்து திரும்ப வந்தால் மாற்றம் நடந்திருக்கும்.

தொடும் முன்னே அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, பெயரோடு தேதியையும் சேர்த்து வைத்துவிடுங்க. நகலும் இல்லை, எல்லாம் குழம்பிவிட்டது என்றாலும் பயம் இல்லை. அந்தக் கோப்பை அழித்துவிட்டு லாக் அவுட் செய்து வந்தால், கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள மூலத்திலிருந்து புது நகல் ஒன்றை அதே இடத்தில் வைத்துவிடும். அலமாரி ஓரக் கம்ப்யூட்டரில் இப்போது விண்டோஸ் விசையோடு டி-யை அழுத்தினால் எழுதும் பக்கம் நேராகத் திறக்கும். அந்த வரி கீபைண்ட் பகுதிகளின் கடைசியில் இருக்கு, திறந்து பார்க்கலாம்.