எந்தத் திருவண்ணாமலை?

புரட்டாசி சனிக்கிழமைக்குக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் மேப்ஸில் வெறுமனே ‘திருவண்ணாமலை’ என்று போட்டால், அது அருணாசலேஸ்வரர் ஊருக்குத்தான் வழி காட்டும். அது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அதிகம்! நம் திருவண்ணாமலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கும் இடம். தென் திருப்பதி என்பார்கள். ஆகவே ‘சீனிவாசப் பெருமாள் கோயில், ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்றே தேடுங்கள். கிளம்பும் முன் தூரத்தை ஒரு முறை பாருங்கள். ராஜபாளையத்திலிருந்து மணிக்கணக்கில் காட்டினால் ஊர் மாறிவிட்டது என்று அர்த்தம்.

கூட்ட நாளில் சிக்னல் படுத்தும். முதல் நாளே வீட்டு வைஃபையில் மேப்ஸைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, ‘ஆஃப்லைன் மேப்’பில் இந்தப் பகுதியை இறக்கி வையுங்கள். நெட் இல்லாமலும் கார் வழி தெரியும். ஆனால் போக்குவரத்து நெரிசல் அதில் தெரியாது.

பெரியவர்களோடு வந்தால் வாட்ஸ்அப்பில் ‘லைவ் லொகேஷன்’ அனுப்பி வையுங்கள். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று அளவு உண்டு. 8 மணி நேரமே நல்லது. இதற்கு நெட் வேண்டும், பேட்டரியையும் தின்னும். பவர் பேங்கை மறக்காதீர்கள்.

நேரில் வர முடியாமல் கூரியரில் பிரசாதம் வாங்குபவர்கள் பின்கோடைச் சரியாக எழுதுங்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர் 626125, ராஜபாளையம் 626117.