புகைவண்டிக் கணக்கும் வேற்றுமை உருபும்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் இருப்புப்பாதை 2013ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். வண்டி இன்று புகை கக்குவதில்லை. ஆயினும் புகைவண்டி என்னும் பெயரை நாம் விட்டோமில்லை.

புதுச்சத்திரத்து மாணவன் ஒருவன் ஒருநாள் என்னிடம் ஒரு கணக்கைக் கொணர்ந்தான். "சேலத்திலிருந்து கரூருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டியும், கரூரிலிருந்து சேலத்திற்கு மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் மற்றொரு வண்டியும் ஒரே நேரத்தில் புறப்பட்டன. எத்துணை நேரத்தில் அவை சந்திக்கும்?" என்பது வினா. அவன் 45இலிருந்து 40ஐக் கழித்து, எஞ்சிய 5ஆல் 85ஐ வகுத்து, 17 மணி என விடை எழுதியிருந்தான்.

"தம்பி, மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவன் சேலத்தினின்று கரூருக்கே 17 மணியில் சென்று சேர்வானே! வண்டிகள் வழியில் சந்திப்பதற்கும் அத்துணை நேரமா?" என்றேன். அவன் நகைத்தான்.

கழித்தலிலும் வகுத்தலிலும் அவன் பிழை செய்யவில்லை. வாக்கியத்தைப் படிப்பதிலேயே பிழை செய்தான். 'சேலத்திலிருந்து' என்பது நீங்கற்பொருளில் வந்த ஐந்தாம் வேற்றுமை. 'கரூருக்கு' என்பதிலுள்ள 'கு' நான்காம் வேற்றுமை உருபு. அது சேரும் இடத்தைக் காட்டுகிறது. இரண்டாம் வண்டிக்கு இவ்வூர்கள் இடம் மாறி நிற்றலின், வண்டிகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி வருகின்றன. ஆகவே ஒரு மணியில் இடைவெளி 40உம் 45உம் கூடிய 85 கிலோமீட்டர் குறையும். விடை ஒரு மணி. முதல் வண்டி அப்பொழுது சேலத்திலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்.

இம்முறை புதியதன்று. எதிரெதிராக வருவனவற்றிற்கு வேகங்களைக் கூட்டியும், ஒரே திசையில் செல்வனவற்றிற்குக் கழித்தும், இடைத்தொலைவை வகுக்க என ஆரியபடர் கி.பி. 499இல் இயற்றிய ஆரியபடீயத்தில் கூறியுள்ளார். புகைவண்டி தோன்றுவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விதி தோன்றிவிட்டது!

'ஒரே நேரத்தில்' என்னும் தொடரும் வீணன்று. சேலத்து வண்டி அரைமணி முந்திப் புறப்பட்டிருப்பின், மற்றது புறப்படுமுன் அது 20 கிலோமீட்டர் கடந்திருக்கும். எஞ்சிய 65ஐ 85ஆல் வகுக்க, கரூர் வண்டி புறப்பட்டபின் ஏறத்தாழ 46 நிமிடத்தில் சந்திப்பு நிகழும்.

'கடந்தது' என்னும் சொல் இன்னும் பலரை இடறச் செய்கிறது. 200 மீட்டர் நீளமுள்ள வண்டி நொடிக்கு 10 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். அது ஒரு கம்பத்தைக் கடக்க 20 நொடி போதும். 800 மீட்டர்ப் பாலத்தைக் கடத்தலாவது, அதன் கடைசிப் பெட்டியும் பாலத்தை விட்டு நீங்குதல். ஆதலின் 800உடன் 200ஐயும் கூட்டுதல் வேண்டும். 100 நொடி ஆகும். 80 என்று எழுதுபவனது வண்டியின் வால் பாலத்தின்மேலேயே கிடக்கும்.

இவையெல்லாம் கேட்ட மாணவன், "ஐயா, இப்பாதை ஒற்றைப் பாதையாக அன்றோ திறக்கப்பட்டது? ஒரு வண்டி ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுங்கி நில்லாவிடின் மற்றது எவ்வாறு செல்லும்?" என்று வினவினான். கணக்கை எழுதியவர் அதனை எண்ணிப் பார்த்திலர், நானுந்தான்.