டிஜிட்டல் கொள்கைப் பணி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முதுகலை முடித்ததும் அரசின் டிஜிட்டல் திட்டங்களை வகுக்கும் பணிக்குப் போக வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் திண்டுக்கல், சின்னாளபட்டி, வேடசந்தூர் பக்கமும் உண்டு. அவர்களுக்கு வீட்டிலும் கோச்சிங் சென்டரிலும் கிடைக்கும் அறிவுரைகளில் ஐந்தை மட்டும் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தான் இந்த வேலை.

உண்மை: மென்பொருள் எழுதுவது வேறு, விதியை வகுப்பது வேறு. எடுத்துக்காட்டாக, 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்குச் சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. முதலில் தேர்வானவர்கள் ஏறத்தாழ 1.06 கோடிப் பேர். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். இவற்றை அரசின் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கணினியின் வேலை. ஆனால் பாகம் பிரிக்காத புன்செய் கூட்டுப் பட்டாவில் இருந்தால் அதை யார் கணக்கில் சேர்ப்பது? ஒரே மின் இணைப்பில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் யூனிட்டை எப்படிப் பார்ப்பது? தவறாக விடுபட்டவர் எங்கே போய் முறையிடுவது? இவை கொள்கைக் கேள்விகள். 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்தது அப்படியொரு கேள்விக்கு எடுத்த முடிவுதான். பொருளாதாரம், சமூகவியல், சட்டம், ஊரக வளர்ச்சி படித்தவர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

நம்பிக்கை 2: குரூப் 1 அல்லது ஐ.ஏ.எஸ்.; இரண்டை விட்டால் வேறு வாசல் இல்லை.

உண்மை: நிரந்தர அதிகாரப் பதவிக்கு அவைதான் பெருவழி. கொள்கை வேலையைத் தொட்டுப் பார்க்க வேறு வாசல்களும் உண்டு. 2022-இல் தமிழக அரசு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுப் பணி. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்காளி. கலை, அறிவியல் படித்தவர்களுக்கு முதல் வகுப்பில் முதுகலைப் பட்டம் வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு இளநிலையே போதும். பொதுப் பிரிவினருக்கு வயது 22 முதல் 30 வரை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலைத் தேர்வு, எழுத்துத் தேர்வு, நேர்காணல் என மூன்று கட்டம். டெல்லியில் பி.ஆர்.எஸ். நிறுவனம் 2010 முதல் நடத்தும் லாம்ப் திட்டத்தில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாக வேலை செய்யலாம். அதற்கு வயது 25-க்குள் இருக்க வேண்டும். முதுகலை முடித்ததும் தள்ளிப்போட்டால் அந்த வாசல் மூடிவிடும்.

நம்பிக்கை 3: உள்ளே நுழைந்துவிட்டால் போதும், அரசு வேலை உறுதி.

உண்மை: இல்லை. புத்தாய்வுத் திட்டம் தற்காலிகமானது. காலம் முடிந்தால் வெளியே வர வேண்டியதுதான். வெளியிலிருந்து ஒன்றிய அரசின் உயர் பதவிக்கு எடுக்கும் நேரடி நியமனத்தையும் (லேட்டரல் என்ட்ரி) சிலர் கனவு காண்கிறார்கள். அதில் இணைச் செயலாளர் பதவிக்குக் கேட்டதே 15 ஆண்டு அனுபவம். 2024 ஆகஸ்டில் 45 பணியிடங்களுக்கு வந்த அறிவிப்பு சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இவற்றைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். போட்டித் தேர்வுத் தயாரிப்பை மூட்டை கட்டி வைக்காதீர்கள்.

நம்பிக்கை 4: ஆங்கிலம் சரளமாக வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

உண்மை: ஆங்கிலம் தேவைதான். ஆனால் புத்தாய்வுத் திட்டத்துக்குத் தமிழறிவு கட்டாயம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளிலும் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தாளில் குறைந்தது 40 விழுக்காடு எடுத்தாக வேண்டும். நிராகரிப்புக் குறுஞ்செய்தியைப் படித்ததும் விண்ணப்பித்த அம்மாவுக்குக் காரணம் புரியும்படி இரண்டு வரி எழுதத் தெரிந்தவர் எந்தத் துறைக்கும் வேண்டியவர்.

நம்பிக்கை 5: சென்னைக்கோ டெல்லிக்கோ போனால்தான் கற்றுக்கொள்ள முடியும்.

உண்மை: பதவிகள் பெரும்பாலும் அங்கேதான். கற்க வேண்டியது இங்கேயும் இருக்கிறது. 1956-இல் தொடங்கி 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராம கிராமிய நிறுவனம் சின்னாளபட்டிக்கு அருகில்தான் உள்ளது. கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு கிராம விரிவாக்கப் பணியையும் சேர்த்தே வைத்திருக்கும் நிறுவனம் அது. ஆட்சியர் அலுவலகத்தில் தேசிய தகவலியல் மையத்தின் மாவட்டப் பிரிவு இயங்குகிறது. ரேஷன் கடையில் ரேகை பதியாத முதியவருக்கு மாற்று வழி என்ன என்பதைத் தலைமைச் செயலகத்தில் இருப்பவரைவிட ஆத்தூர், நிலக்கோட்டைக் கடைகளின் வரிசையில் நிற்பவர் சீக்கிரம் கண்டுகொள்வார்.

அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம் என ஏதாவது ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அரசாணையைப் படியுங்கள். கிடைக்காத தகவலை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தையும் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். பிறகு, எந்தப் படிவம் யாரைத் தடுக்கிறது, எந்த விதியை மாற்றினால் தடை நீங்கும் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதுங்கள். நேர்காணலில் பட்டத்தோடு சேர்த்துக் காட்ட உங்களிடம் இருக்க வேண்டியது அந்த இரண்டு பக்கம்.